மாவிலைப் பச்சை

காக்ஸ் டவுன்,
பெங்களூர்.
2.3.2025

சோனியாவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். டிசம்பர் பதினான்கிலிருந்து இன்றைக்கு எழுபத்தெட்டு நாள் ஆகிறது. இருபத்தாறு வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நீ அனுப்பிய படம் போன வாரம் வந்தது. கதவைவிடக் கொஞ்சம்தான் சின்னது. கூடவே உன் சீட்டு: "அம்மா குருத்தோலை ஞாயிறு முதல் ஈஸ்டர் வரை எட்டு நாள் நம் வீட்டில் உங்களோடு இருக்க ஆசைப்படுகிறாள். அழைத்து வரலாமா?" பதில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தப் படத்தைப் பற்றிப் பேசிவிடலாம்.

நவம்பரில் நீ எழுதிய கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அம்மாவின் எண்பதாம் பிறந்தநாளுக்கு ஹொஸகோட்டை பக்கம் ஒரு மாந்தோப்பில் குடும்பப் படம். நாங்கள் எல்லோரும் பீச் பழ நிறமும் க்ரீமும், உங்களுக்கு மட்டும் மாவிலைப் பச்சை, உங்கள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். மாதிரிக்கு ஒரு துணித் துண்டைக் குண்டூசியால் குத்தி அனுப்பியிருந்தாய். அதன் ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தது. தையல் டீச்சராக இருந்த காலத்து அம்மாவின் கத்தரிக்கோல். அந்தப் பற்களைப் பார்த்த பிறகுதான் வருவதென்று முடிவு செய்தேன்.

அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கமர்ஷியல் தெருவில் மூன்று சனிக்கிழமை அலைந்தேன். ரெடிமேடில் அந்தப் பச்சை இல்லை. துணி எடுத்து டெய்லர் அசோகனிடம் கொடுத்தேன். "இன்னா சார், இந்த வயசுல இவ்ளோ டார்க்கா? பொண்ணு கிண்ணு பாக்கப் போறீங்களா?" என்றான். "குடும்பப் படம்" என்றேன். அந்தச் சொல்லை நான் உச்சரித்து எத்தனை வருடமாயிற்று என்று உனக்குத் தெரியும்.

டிசம்பர் பதினான்காம் தேதி தோப்பில் வந்து நின்றேன். நீ பீச், உன் மகள் ஷெரின் பீச், உன் பிரகாஷ் அந்தச் சட்டையில் உரித்த இறால் மாதிரி இருந்தார். நாய்க்குக்கூடக் கழுத்தில் பீச் ரிப்பன். போட்டோகிராபர் ஷ்ரேயாஸ் என்னைப் பார்த்ததும் கேமராவைக் கீழே இறக்கிவிட்டான். "யாக் சார், கிரீன் ஹாக்கொண்டு பந்த்ரி? கைட் ஓதில்வா?" ஏன் பச்சை போட்டுக்கொண்டு வந்தீர்கள், நான் அனுப்பிய குறிப்பைப் படிக்கவில்லையா என்றான். எந்தக் குறிப்பு என்றேன். போனை எடுத்துக் காட்டினான். என்ன உடுத்தலாம், என்ன உடுத்தக் கூடாது என்று ஒரு பக்கம். முதல் வரியே இதுதான்: தோப்பில் எடுக்கும் படம், பச்சை மட்டும் வேண்டாம், மரத்தோடு மரமாகக் கரைந்துபோவீர்கள்.

நீ பத்தடி தள்ளி நின்று அம்மாவின் முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தாய். ஒரு மணி நாற்பது நிமிடம் நீ நிற்கச் சொன்ன இடத்தில் நின்றேன்.

இப்போது படத்தைப் பார்க்கிறேன். என் முகமும் ஒரு கையும் மாமரத்தில் காய்த்துத் தொங்குகின்றன. மற்றபடி நான் இல்லை. நாய் தெளிவாகத் தெரிகிறது.

ஏன் செய்தாய்? இதற்குப் பதில் வரட்டும். அம்மா வருவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

உன் அண்ணன்,
கிளாரன்ஸ்


வைட்ஃபீல்ட்
7.3.2025

கிறிஸ்துவுக்குள் பிரியமான அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் வந்து சேர நாலு நாள் ஆயிற்று. ஒரே ஊருக்குள் ஸ்பீட் போஸ்டில் சண்டை போடுகிற குடும்பம் நாம்தான் என்று பிரகாஷ் சிரிக்கிறார். எங்கள் எல்லோர் நம்பரையும் நீங்கள் ப்ளாக் செய்துவிட்டால் நான் வேறு என்ன செய்ய?

அண்ணா, அந்தக் குறிப்பைக் குடும்ப வாட்ஸ்அப்பில்தான் போட்டேன். நீங்கள் அதிலிருந்து போய் மூன்று வருடம் ஆனது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. பச்சை நான் சொன்னதுதான். நான் அந்தக் குறிப்பைச் சரியாகப் படிக்கவில்லை. அம்மா துணியை வெட்டிக் கொடுத்தாள், அவ்வளவுதான். தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே அந்த நிறம் உங்களுக்கு நன்றாக இருந்தது. ஷெரின் கூட, "மாமா எவ்ளோ ஸ்மார்ட்டா இருந்தாரு" என்றாள்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. இதயம் களைத்துப்போயிருக்கிறது, ஆசைப்பட்டதைச் செய்துகொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணும் மங்கல். தன் கல்யாணம் நடந்த கோயிலில் ஈஸ்டர் ஆராதனையில் ராப்போஜன அப்பம் எடுக்க வேண்டும், தன் கட்டிலில் படுக்க வேண்டும், காலையில் நீங்கள் போடும் காபியைக் குடிக்க வேண்டும். இந்த மூன்றும்தான் கேட்கிறாள். தினமும், "கிளாரன்ஸ் இன்னா சொன்னான்?" என்கிறாள். சூட்கேஸைக் கட்டி வைத்துவிட்டாள்.

ஜனவரியில் இதைக் கேட்கத்தான் வந்தேன். கால் மணி நேரம் கதவைத் தட்டினேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சோனியா


காக்ஸ் டவுன்
13.3.2025

சோனியாவுக்கு,

ஆமாம், உள்ளேதான் இருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீ நாலு தரம் "அண்ணா" என்றாய். நாலையும் கேட்டேன்.

குறிப்பைச் சரியாகப் படிக்கவில்லையாம். மளிகைச் சீட்டையே மூன்று தரம் படிப்பவள் நீ. ஷெரின் கல்யாணத்திலும் இப்படித்தான். என்னை விட்டுப் போன வீணாவைக் கூப்பிட்டு, முன்வரிசையில் அம்மாவுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தாய். அந்தப் பக்கத்து நாற்காலி எனக்கு. கேட்டதற்கு, "தெரியாம ஆயிடுச்சிண்ணா" என்றாய். குடும்பப் படத்துக்கு எல்லோரையும் உட்கார வைத்தபோது எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்கும் எழுந்து வருவேன். உன் தவறுகள் எல்லாம் தெரியாமல் ஆகின்றன, எல்லாம் என் மேலேயே வந்து விழுகின்றன. விபத்துக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்காது என்று முதல் வருடப் பிள்ளைகளுக்கே சொல்லித்தருகிறோம்.

உனக்கு நான் இல்லாத குடும்பம் வேண்டும். அதை நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் துணி வெட்டி அனுப்புகிறாய், அதையும் அம்மாவின் கத்தரிக்கோலால்.

அம்மா வர வேண்டாம். கட்டிலும் காபியும் வைட்ஃபீல்டிலும் கிடைக்கும். கேட்டால், வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது என்று சொல். பொய் உனக்குப் பழக்கம்தானே.

கிளாரன்ஸ்


வைட்ஃபீல்ட்
20.3.2025

அண்ணா,

பெயிண்ட் வேலை என்று சொன்னேன். அம்மா நம்பிவிட்டாள். "சரி, காயட்டும். அந்த வாசனை எனக்கு ஆவாது. காஞ்சதும் போலாம்" என்றாள். சூட்கேஸைப் பிரிக்கவில்லை.

இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சொல்ல வைத்தது நீங்கள்.

பச்சையை நான் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

ஷெரின் கல்யாண ஆல்பத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி எல்லாப் படத்திலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் அந்த ஆல்பத்தை எடுப்பாள். நாற்காலி மேல் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டுதான் பார்ப்பாள். அந்த இடத்தில் தாளே தேய்ந்துவிட்டது.

நவம்பரில் போட்டோகிராபரின் குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பச்சை வேண்டாம், கரைந்துபோவீர்கள் என்று வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "அவனுக்குப் பச்சையே குடு" என்றாள். "நின்னாலும் படம் நல்லாருக்கணும், எழுந்து போயிட்டாலும் நல்லாருக்கணும். இன்னொரு ஓட்டைய பாக்க என்னால முடியாது, சோனி." தோப்பின் மாவிலை நிறத்தை மனதில் வைத்து, தன் பழைய ரவிக்கைத் துணியிலிருந்து அவளே வெட்டினாள்.

இதைப் படித்து உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். வலிக்கட்டும் என்றுதான் எழுதினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மீதியையும் கேளுங்கள். அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது கெ.ஆர்.புரம் தாண்டியதும் அம்மா சொன்னாள்: "முழுக்க நின்னான், பாத்தியா. தப்புப் பண்ணிட்டேன். பீச்சே குடுத்திருக்கலாம்."

அதை உங்களிடம் அவளே சொல்லத்தான் வரப் பார்க்கிறாள். கட்டிலுக்கும் காபிக்கும் இல்லை.

கதவைத் திறங்கள், அண்ணா.

சோனியா


காக்ஸ் டவுன்
4.4.2025

சோனியாவுக்கு,

குருத்தோலை ஞாயிறு காலை அம்மாவை அழைத்து வா. சாவி பக்கத்து வீட்டு அன்னம்மாளிடம் இருக்கும். நான் இருக்க மாட்டேன். ஈஸ்டர் கழிந்து திங்கள் மாலை நீங்கள் கிளம்பியதும் அன்னம்மாள் எனக்குச் சொல்லுவார்.

கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாயிற்று. காபிப் பொடி அம்மா வாங்கும் அதே கடையில் அரைத்தது, அடுப்புக்கு மேல் இரண்டாவது டப்பா. பால் பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கு.

பெயிண்ட் வேலை நிஜமாகவே முடிந்தது. உன் பொய்யை உண்மையாக்கிவிட்டேன், நன்றி சொல்ல வேண்டாம். ஹாலில் மாட்டியிருந்த என் பள்ளிக்கூடப் படம், பட்டமளிப்புப் படம், அப்பாவோடு நான் சைக்கிள் பக்கத்தில் நிற்கிற படம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். ஆணிகளைப் பிடுங்கி, பட்டி பூசி, தேய்த்து, மேலே இரண்டு கோட் அடித்தேன். கையால் தடவிப் பார்த்தாலும் ஓட்டை தெரியாது. நான் நின்றாலும் வீடு நன்றாக இருக்கும், போனாலும் நன்றாக இருக்கும். அம்மா கேட்டபடியே செய்திருக்கிறேன்.

நீ அனுப்பிய படத்தை அந்த இடத்தில் மாட்டியாயிற்று.

பீச்சே கொடுத்திருக்கலாம் என்று சொன்னாள் அல்லவா? அதை நான் இருபது தரம் படித்தேன். இருபது தரமும் அதில் 'கொடுக்கவில்லை' என்பதுதான் எனக்குக் கேட்டது. நீ வண்டியில் கேட்ட அம்மா எனக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது துணித் துண்டு அனுப்பிய அம்மா. அதை இந்த உறையில் வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுத்துவிடு.

காலையில் காபி வந்ததும் அவள் கேட்பாள், "கிளாரன்ஸ் எங்க?" என்று. ஜன்னலண்டை அழைத்துப் போ. கொல்லையில் மாமரம் இந்த வருடம் நன்றாகத் தழைத்திருக்கிறது. அதோ, மரத்தடியில்தான் நிற்கிறான், நீ சொன்ன பச்சைச் சட்டையில், என்று காட்டு. அவள் கண்ணுக்கு அது போதும். உற்றுப் பார்க்கச் சொல். எட்டு நாளும் பார்க்கட்டும்.

இந்தக் கடிதத்தை முடித்து ஒரு மணி நேரமாகப் பேனாவை மூடாமல் வைத்திருக்கிறேன். அடியில் 'உன் அண்ணன்' என்று எழுதினால் பொய். 'அம்மாவின் மகன்' என்று எழுத எனக்கு வாய்க்கவில்லை. வெறும் பெயரைப் போட்டால், யாரோ இங்கே நிற்பதாக ஆகிவிடும். கையெழுத்து இல்லாமலே, இப்படியே தபாலில் போட்டுவிடுகிறேன்.