முதலாளியின் காய்ச்சல்

திருவனந்தபுரம்,
14.3.2005

அன்புள்ள இசக்கிசெல்விக்கு, மந்திரமூர்த்தி எழுதுவது. நான் சுகம். உன் இருமல் குறைந்ததா?

ஞாயிறன்று இங்கே கால் மைல் கார் பந்தயம். ஒர்க்‌ஷாப் முதலாளி சுஜித் தன் டர்போ காரை என்னை ஓட்டச் சொன்னார். “எனக்கு நல்ல காய்ச்சல் கேட்டோ, மூர்த்தியண்ணா.” கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. கிளட்ச் தேய்ந்திருப்பது அவருக்கும் தெரியும். உடைந்தால் பழி எனக்கு, வேலையும் போகும். அதனால் ஆக்சிலேட்டரை மிதித்து டர்போவை எழுப்பிக்கொண்டு, கிளட்சைப் பதமாக விட்டேன். இரண்டாவது கியரில் முதுகை சீட்டோடு ஒட்டவைத்து வண்டி பாய்ந்தது. பயப்படாதே, ஜெயித்துவிட்டேன். கோப்பையோடு போட்டோவுக்கு நின்றது சுஜித்தான். காய்ச்சல் எப்போது விட்டது என்று நான் கேட்கவில்லை.

தங்கபாண்டி அண்ணன் ஊருக்கு பஸ் ஏறப் போகிறார், இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பி வரும்போது உன் பழைய சேலையில் ஒரு தலையணை உறை தைத்து அவரிடம் கொடுத்துவிடு. கடையில் வாங்கியதில் தூக்கம் வரவில்லை.