தோழமை பெஞ்சு

ஸ்டூர்லி,
பிப்ரவரி 3

தொருன்,

நலம் விசாரிக்க இப்போது எனக்கு மனமில்லை. கூடப் படித்த தோழிக்கு அல்ல, என் மகளின் வகுப்பாசிரியைக்கு எழுதுகிறேன். போன வருடம் தூக்கத்தில் கேட்டாலும் வாய்ப்பாடு சொன்ன எம்ப்லா, இன்று ஏழெட்டு எவ்வளவு என்றால் திருதிருவென விழிக்கிறாள். கதவு சாத்தினாலே உடம்பு தூக்கிப்போடுகிறது. ஓஸ்லோவில் டாக்டரிடம் காட்டினேன்.

"மாசக்கணக்கா பயந்துக்கிட்டே இருந்தா, வளர்ற மூளை காவல் காக்கத்தாம்மா கத்துக்குது. படிக்கவும் ஞாபகம் வச்சுக்கவும் தெம்பு மிஞ்சறதில்ல. பள்ளிக்கூடத்துல யாரோ படுத்தறாங்க, விசாரிங்க" என்றார்.

விசாரிக்கிறேன். என்ன நடக்கிறது அங்கே?

மாரித்

பிப்ரவரி 10

என் மாரித்துக்கு,

இப்படியா சுள்ளென்று எழுதுவாய்? பிள்ளைகள் சீண்டிக்கொள்வது எங்கேதான் இல்லை? எம்ப்லா கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி. இடைவேளையில் யாரும் சேர்த்துக்கொள்ளாவிட்டால், பள்ளிக்கு நீயே மரம் இழைத்துச் செய்து கொடுத்தாயே, அந்தத் தோழமை பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். அதில் தனியாக உட்காரும் குழந்தையை மற்றவர்கள் வந்து விளையாடக் கூப்பிட வேண்டும் என்பதுதானே ஏற்பாடு? தினமும் மூன்று பெண்கள் அவளிடம் போகிறார்கள், ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து நானே பார்க்கிறேன். டாக்டர்கள் எதையும் பெரிதாக்குவார்கள்.

ஈஸ்டருக்கு வழக்கம்போல உங்கள் மலைக்குடிலில் சந்திப்போம். சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஈஸ்டர் என்றால் நம் ஊரில் எல்லாரும் உரித்துத் தின்னும் ஆரஞ்சை நான் வாங்கி வருகிறேன்.

அன்பு மாறாத,
தொருன்

பிப்ரவரி 17

தொருன்,

உன் கடிதத்தை எம்ப்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜன்னல் வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அவங்க கூப்பிட வரலம்மா. 'இன்னிக்கும் நீ யாருக்கும் வேணாமாடி?'ன்னு கேக்கத்தான் வருவாங்க. பனியை அள்ளி சட்டைக்குள்ள போடுவாங்க. எந்திரிச்சா தொருன் டீச்சர் திட்டுவாங்க, அதான் உக்காந்தே இருப்பேன். டீச்சர் ஜன்னல்லேர்ந்து கையாட்டுவாங்க."

கையாட்டினாயாம், தொருன்! தேடுகிற சிரமம்கூட வைக்காமல் என் குழந்தையை அவர்கள் முன்னால் உட்கார வைத்துவிட்டு, வேடிக்கை பார்த்திருக்கிறாய். தொட்டாற்சிணுங்கி என்று பட்டம் வேறு.

சனிக்கிழமை ரம்பத்தோடு வந்து அந்தப் பெஞ்சை அறுத்து எடுத்துப்போனவள் நான்தான். தலைமையாசிரியர் போலீசுக்குச் சொல்வதானால் சொல்லட்டும். எம்ப்லாவை நேற்று வேறு பள்ளியில் சேர்த்துவிட்டேன். புது ஆசிரியை, "எங்க உக்கார்றே கண்ணு?" என்று கேட்டார். "நின்னுக்கறேன்" என்றாள்.

பயம் விட்டால் தேறிவிடுவாள், மூளை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்கிறார் டாக்டர். அந்தப் பயத்தில் உன் முகமும் இருக்கிறது.

மலைக்குடில் சாவியைத் தபாலில் அனுப்பிவிடு. நேரில் கொண்டு வராதே.

மாரித்