எதிர்த்திசை

அன்புள்ள எட்னாவுக்கு,

இங்கே சுகம். உன் இருமல் நின்றதா?

நேற்று மேகத்தில் வழிதவறிய விமானம் ஒன்று எங்கள் தீவின் வயர்லெஸ் நிலையத்தில் திசை கேட்டது. எங்கள் கருவி, விமானம் இருக்கும் கோட்டைத்தான் காட்டும். கோட்டின் எந்தப் பக்கம் என்று காட்டாது. நான் தப்பான பக்கத்தைச் சொல்லிவிட்டேன். விமானத்திலிருந்து வந்த ஒலி தேய்ந்ததும் பதறி, திரும்பி வரச் சொன்னேன். பத்திரமாக இறங்கிவிட்டது.

விமானி என்னைக் கட்டிக்கொண்டார். "வாரன், உன்ன இங்கேருந்து மாத்தவே கூடாதுய்யா! மேலிடத்துக்கு இப்பவே சொல்லு, நான் சொன்னேன்னு."

நிலையத்தில் வேறு ஆள் ஏது? தந்தியை நானே அடித்தேன். 'இன்னும் ஒரு வருடம்' என்று வந்த பதிலையும் நானே எழுதிக்கொண்டேன்.

கடிதத்தை அவரிடமே தருகிறேன், இன்ஜின் கிளம்பிவிட்டது. சவர பிளேடு அனுப்பு. நான் வருவதாக இருந்த கப்பலுக்கு, குட்டி லோயிஸைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகாதே.

வாரன்