அடித்தது என்றே எழுதச் சொன்னேன்

ஐப்பசி பௌர்ணமி, வெள்ளி இரவு

இந்தக் கிளைச் சிறைக்குக் கண்காணிப்பாளராக வந்த பிறகு இப்படி ஒரு நாள் வந்ததில்லை. காலையில் விசாரணைக் கைதி சேகரின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற வார்டர் ஏழுமலையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். மதியம் கைதிகள் யாரும் சோற்றுத் தட்டைத் தொடவில்லை.

ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எதிர்த்துப் பேசினான் சார். லத்தியால ஒண்ணு போட்டேன். விழுந்துட்டான்னு எழுதிடுங்க, யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

சேகரை நானே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். "எங்க வார்டர் அடிச்சது. அப்படியே எழுதுங்க. ஜெயிலுக்குப் பொறுப்பு நான்தான்" என்றேன்.

திரும்பும்போது கிரிவலக் கூட்டத்தில் ஜீப் ஊர்ந்தது. "என்னால உங்களுக்கு ஏதாவது ஆயிடப் போவுதுங்கய்யா" என்றான் சேகர்.

நடந்ததை மேலிடத்துக்கு எஸ்.டி.டி. போனில் சொல்லிவிட்டேன். ஏழுமலைக்கு மூன்று பெண்கள். சஸ்பெண்ட் செய்துவிட்டால்...

நான் உண்மையை எழுதவைத்தது தெரிந்து, சாயங்காலம் ஏழுமலை என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சேகரின் அறைக்குப் போய்க் கம்பிக்கு வெளியே நின்றார்.

"நான் அடிச்சிருக்கக் கூடாதுடா. வந்து சாப்பிடு."

சேகர் வீங்கிய கையைக் காட்டினான். பிறகு, "கையத் தூக்க முடியலைங்க. தட்ட நீங்களே கொண்டாங்க" என்றான்.

ஏழுமலை போய்க் கொண்டுவந்தார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

நாளை என்ன உத்தரவு வருமோ தெரியாது. ஆனால் ஏழுமலை இனி லத்தியை எடுக்கும்போது ஒரு தடவையாவது அந்தத் தட்டை நினைத்துப் பார்ப்பார்.