அந்த ஊர்ப் பெயர்

செவ்வாய், இரவு.

நாலாம் ஆண்டு வகுப்பில் இன்று காவியா பக்கத்துப் பையனைப் பார்த்து, "நீ தஞ்சோங் ரம்புத்தான் கேஸ் லா" என்றாள். பைத்தியம் என்று சொல்ல இங்கே அந்த ஆஸ்பத்திரி ஊரின் பெயரே போதும். நிற்கவைத்துத் திட்டினேன். மனநோயைக் கேலி பண்ணக் கூடாது என்று பாடம் வேறு நடத்தினேன்.

"நேத்து நான் நோட்டு வைக்க வந்தப்ப, ஸ்டாஃப் ரூம்ல பெரிய டீச்சர் இதையே சொன்னாங்க; நீங்களும் சிரிச்சீங்களே டீச்சர்" என்றாள்.

உட்காரச் சொல்லிவிட்டேன்.

தெரிந்தவர் கண்ணில் படாமல் பாலம் தாண்டிப் போய், செபராங் ஜெயாவில் மனநல டாக்டரிடம் லீவுக்கு வாங்கிய மெடிக்கல் சர்டிபிகேட், எம்சி. அதைப் படித்துவிட்டுத்தான் தலைமையாசிரியை அம்மா எல்லார் காதிலும் விழும்படி என்னை அப்படிச் சொன்னார். சிரித்துவைத்தேன். சிரிக்காமல் முறைத்திருந்தால், அதற்கும் அதே ஊர்ப் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.