ஐந்தாம் நிறுத்தத்தில் இறந்தவர்

ரிங்லெட், கேமரன் மலை,
பகாங்.
24 ஆகஸ்டு 2025

திரு. திருமாறன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. சென்ற மாதம் நேரிலேயே பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறீர்கள். குரல் முன்னைவிடக் கனத்திருக்கிறது.

நான் குணாளன். 1991 முதல் 1993 வரை சென்னையில் எம்.ஏ. படித்தபோது விடுதியில் உங்களோடு ஒரே அறையில் இருந்தவன். இப்போது ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமை எழுத்தர். இங்குள்ளவர்கள் வழக்கில் பெரிய கிராணி. இரண்டாண்டுகள் வாடா போடா என்று பேசிய ஒருவரை 'நீங்கள்' என்று எழுதுவது உங்களுக்கு விந்தையாக இருக்கலாம். இந்தக் கடிதத்தில் பழைய ஒருமை நுழைந்தால் என் கை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான்.

என் தங்கை சசிரேகாவை நீங்கள் பார்த்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பார்த்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

அவளுடைய கணவர் கோகிலனை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் தோட்டத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்; கோலாலம்பூர்ப் பத்திரிகைகளின் ஞாயிறு பதிப்பில் பதினொரு சிறுகதைகள் எழுதியவர். 1999-இல் சினிமாவுக்கு வசனம் எழுதுவதற்காகச் சென்னைக்குப் புறப்பட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். நானோ உங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தேன். புறப்பட்ட அன்று ரேகா ஒரு மைலோ டின்னில் தேயிலைத் தூளை நிரப்பி, மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவால் தன் பெயரை எழுதினாள். அந்தத் தூள் தீர்ந்ததும் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த பேச்சு.

2002 பிப்ரவரிக்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. விசாரிக்கும்படி உங்களுக்கு எழுதினேன். 2004 மார்ச் பதினோராம் தேதியிட்ட உங்கள் பதிலின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். 'திருவல்லிக்கேணி முழுவதும் தேடிவிட்டேன்டா. கோகிலன் இங்கே இல்லை. ஐதராபாத் பக்கம் ஏதோ கம்பெனியில் நல்லபடியாக இருப்பதாகக் கேள்வி. தங்கச்சியைத் தைரியமாக இருக்கச் சொல்' என்பது உங்கள் வாசகம்.

தைரியமாக இருந்தாள். கம்போங் ராஜாவில் காய்கறி லோரி வைத்திருக்கும் சாம்பசிவம் என்பவர், 2006-ஆம் ஆண்டு, அவளை மணந்துகொள்ளத் தம் அக்காவோடு என் வீட்டுக்கு வந்து கேட்டார். நல்ல மனிதர். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, பிள்ளை இல்லை. புருஷன் உயிரோடிருக்கும் பெண்ணை எப்படிக் கேட்கலாம் என்று உங்கள் கடிதத்தை அவர் முன்னால் விரித்து வைத்துப் பேசினேன். அவர் எழுந்து போகும்போது, "மன்னிச்சிருங்க கிராணி, தெரியாம வந்துட்டேன்" என்றார். பிறகு தாப்பாவில் பெண் எடுத்தார். இப்போதும் பொங்கலுக்கு முட்டைக்கோஸ் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவார்.

இனி ஜூலை பதின்மூன்றாம் தேதிக்கு வருகிறேன். நானும் ரேகாவும் பழனிக்குப் போய்விட்டுச் சென்னையில் இரண்டு நாள் தங்கினோம். ஓட்டல் வரவேற்பறையில் ஒரு விளம்பரத்தாள் கிடந்தது: 'எழுத்தும் வெள்ளித்திரையும் – திருவல்லிக்கேணியில் ஒரு காலைநடை. வழிநடத்துபவர்: திருமாறன்.' எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். என் மகள் சாந்தினி பெயரில் இரண்டு சீட்டு பதிவு செய்தேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நின்று, கடைசியில் உங்கள் தோளைத் தட்ட வேண்டும் என்பது என் திட்டம். ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு விளையாட்டு.

காலை ஆறரை மணி. பதினான்கு பேர். மூடிப்போன அச்சகம், பத்திரிகை அலுவலகம் இருந்த மாடி, இடித்துக் கல்யாண மண்டபமாக்கிவிட்ட தியேட்டர், எழுத்தாளர்கள் கூடிய காப்பிக்கடை. நன்றாகச் சொன்னீர்கள். ரேகா என் பக்கம் சாய்ந்து, "ஒங்க கூட்டாளி நல்லா பேசுறாருண்ணே, நம்ம கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடலாம்லா" என்றாள். அடுத்து ஐந்தாம் நிறுத்தம்.

அது ஒரு மேன்ஷன். கைகாட்டி, மூன்றாம் மாடியில் வலது ஓரத்து சன்னல் என்றீர்கள். "இங்கதான் மலேசியாவுலேருந்து ஒருத்தர் வந்து தங்கினாரு. டீ எஸ்டேட்காரரு. கையில ஒரு மைலோ டின் நிறைய டீத்தூள். கடைசிவரைக்கும் அத காலி பண்ணவே இல்லைங்க. மூடியத் திறந்து மோந்து பார்ப்பாரு, திரும்ப மூடி வச்சிடுவாரு. மேல ஏதோ ஒரு பொண்ணு பேரு. எந்தக் கடைக்காரிய்யா இதுன்னு நான் கிண்டல் பண்ணுவேன்."

பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் முன்னே நகர்ந்தேன். ரேகா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்ணே. முழுசாக் கேட்டுக்கிறேன்" என்றாள். ஆகவே முழுவதும் கேட்டோம். மஞ்சள்காமாலை, மருந்துக்கு வழியில்லை, 2003 தீபாவளிக்கு முதல் நாள் மாலை, தெருவெங்கும் வெடிச்சத்தம் கேட்க, உங்கள் மடியில் உயிர் போயிற்று, கொள்ளிச்சட்டியை நீங்களே ஏந்தினீர்கள். ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து அவர் பெயர் என்னவென்று கேட்டது நான்தான். கோகிலன் என்றீர்கள். குடும்பம் இருந்ததா என்று கேட்டதும் நான்தான். நீங்கள் தயங்கவில்லை. "யாருமில்லீங்க, ஒண்டிக்கட்டை. நான்தான் எல்லாம்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு மூன்று நிறுத்தங்கள் இருந்தன. ரேகா மூன்றுக்கும் நடந்தாள். முடிவில் நீங்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தீர்கள். அது இன்னும் உங்கள் முகநூல் பக்கத்தில் இருக்கிறது. இடமிருந்து மூன்றாவது, பச்சைப் புடவை, நெற்றியில் பொட்டு. அவள்தான். உங்கள் பக்கத்தில் அவளை நிற்கச் சொன்னதும் நீங்கள்தான்; "அம்மா, நீங்க இப்படி வாங்க, வெளிச்சம் இருக்கு" என்றீர்கள். நான் தோளைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் இந்தக் கடிதத்தைச் சிறையிலிருந்து எழுதியிருப்பேன். ரேகா தெருவில் தனியாக நின்றிருப்பாள்.

மறுநாள் காலை நான் மட்டும் திருவல்லிக்கேணிக்குப் பக்கத்து மயானத்தின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார். "சார், தேதி சொல்லுங்க. தேதி இல்லாம நான் எந்த ரிஜிஸ்டர எடுக்கறது?" என்றார். 2003 தீபாவளிக்கு முதல் நாளும் தீபாவளியன்றும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கோகிலன் என்று எவரும் இல்லை. விமான நிலையத்திலிருந்தும் ஊர் வந்த பிறகும் உங்களை ஐந்து முறை தொலைபேசியில் அழைத்தேன். யார் என்பதையும் எழுதி அனுப்பினேன். படித்ததற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

சாந்தினி இணையத்தில் தேடி, உங்கள் நடையில் கலந்துகொண்டவர்கள் பதிவேற்றிய மூன்று காணொளிகளைக் கண்டெடுத்தாள். ஒன்றில் கோகிலன், ஒரு பெரிய நடிகரின் படம் வெளியான நாளில், தியேட்டர் வாசல் மேளச் சத்தத்தில் இறக்கிறார். இன்னொன்றில் ஐப்பசி அடைமழை. முழங்கால் தண்ணீரில் பாடை போகிறது. மூன்றாவதில் பொங்கலன்று, பக்கத்து அறையில் பால் பொங்கும்போது. நாங்கள் கேட்டதையும் சேர்த்தால் நான்கு சாவுகள். நான்கிலும் மாறாதவர் நீங்கள் ஒருவர்தான். ஒவ்வொரு முறையும் மடி உங்களுடையது, கொள்ளி உங்களுடையது. நான்கும் 2004 மார்ச்சுக்கு முந்தியவை. அந்த ஒன்றில் மட்டும் முரண்பாடு இல்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கும் உங்களிடம் நல்ல கதை ஒன்று இருக்கும்.

இங்கே ஒரு மாதமாக விடாத மழை. தாப்பா சாலையில் இரண்டு முறை மண் சரிந்தது. ரேகா வேலைக்குப் போய்வருகிறாள். கியா பார்மில் ஒரு பூப்பண்ணையில் பூக்கட்டுகளை அடுக்கும் வேலை. பொட்டு வைத்துக்கொண்டுதான் போகிறாள். செய்தி லயத்து வீடுகளில் பரவிவிட்டது. உறவுப் பெண்கள் வந்து, கருமாதியை முடித்துவிடு, தாலியைக் கழற்றிவிடு என்றார்கள். அவள் கோபப்படவில்லை. "கழட்டுறேன் அக்கா. எந்த நாள்லேருந்துன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். "எத்தனை வெள்ளிக்கிழமை தாலிக்குக் குங்குமம் வச்சேன். அதுல எந்த வெள்ளி வரைக்கும் அவரு இருந்தாரு? எதுலேருந்து நான் சும்மா வச்சேன்? அது எனக்குத் தெரியணும்லா."

கோயில் குருக்களைப் பார்த்தேன். திதி தெரியாமல் இறந்தவர்களுக்கென்றே மகாளய அமாவாசை இருக்கிறது, செப்டம்பர் இருபத்தொன்றில் வருகிறது, அன்று கொடுத்துவிடலாம், சாத்திரத்துக்கு அதுவே போதும் என்றார். ரேகாவிடம் சொன்னேன். "அது கேக்க ஆளில்லாதவங்களுக்குக் குடுக்கிற நாளுண்ணே. அவருக்கு நான் இருந்தேன்" என்றாள்.

பிறகு அவள் ஒன்று கேட்டாள். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கும் உங்களால்தான் பதில் சொல்ல முடியும். அந்த டின்னில் தூள் கடைசிவரை இருந்தது மெய்யா, அல்லது அதுவும் கூட்டத்துக்காகச் சொன்னதா? மெய்யென்றால், திரும்பி வரக் கூடாதென்று மிச்சம் வைத்தாரா, திரும்பும் வழி அடைபட்டுவிடக் கூடாதென்று மிச்சம் வைத்தாரா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். யோசிப்பதற்கு அவளுக்கு அதுவாவது இருக்கட்டும்.

நான் கேட்பது ஒரு தேதி. ஆண்டு, மாதம், நாள். காலையா மாலையா என்று தெரிந்தால் அதையும். கொள்ளி வைத்தது நீங்கள் என்றால் எந்த மயானத்தில், எந்தப் பெயரில் என்பதை எழுதுங்கள். நீங்கள் அன்று அங்கே இல்லை, அவரை மாநகராட்சி வண்டிதான் எடுத்துப் போனது என்றால் அதையும் எழுதுங்கள். அதை நான் எவரிடமும் சொல்ல மாட்டேன். உங்கள் ஐந்தாம் நிறுத்தத்துக்கு வந்து நிற்கவும் மாட்டேன். ஓர் அஞ்சலட்டை போதும். விளிப்பு வேண்டாம், வருத்தம் வேண்டாம், ஒரு வாக்கியம்கூட வேண்டாம். நீங்கள் வாக்கியம் எழுதினால் என் தங்கை அதை நம்ப மாட்டாள்.

உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்று முகநூலில் பார்த்தேன். நீங்கள் நீண்ட காலம் வாழ வேண்டும். அந்த நாள் வரும்போது பிள்ளைகள் இருவரும் அருகில் இருந்து, அது என்ன நாள் என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை முழு மனத்தோடு வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கோகிலனின் மனைவி சசிரேகாவின் அண்ணன்
குணாளன்