விற்க முடியாத கச்சான்

2017 மார்ச் 3
கச்சான் கடலையைத் தரம் பிரித்து முடிய அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. நல்ல பருப்பு தலவில கோயில் பக்கத்துக் கடைகளுக்கு. சுருங்கினதும் பூஞ்சணம் பிடித்ததும் வழக்கம்போல எங்களுக்கு. கழுவிக் காயவைத்து, உப்பும் கொச்சிக்காய்த் தூளும் போட்டுக் கருக வறுத்து, வீட்டுக்காரர் மர்ஸூக் உப்பளத்து வேலைக்குக் கொண்டுபோகிற டின்னில் போடுவேன். கெட்டதை ஆட்களுக்கு விற்றால் ஹராம். கொட்டினால் வீண்விரயம், அதுவும் பாவம். வீட்டாள் சாப்பிட்டால் யாருக்கு நட்டம்?

டின் இன்று வெறுமையாகத் திரும்பவில்லை. "பசிக்குதே இல்ல புள்ள" என்றார்.

மார்ச் 19
அவருக்குக் கண் மஞ்சள். செங்கண்மாரிதான் என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11
ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் புற்றுநோய். டொக்டர் முதலில் கேட்டது, "குடிக்கிறவரா?" மர்ஸூக் "ஒரு சொட்டும் இல்ல" என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் உடனே வாய் திறக்கவில்லை. உப்பளத்தில் கூட வேலை செய்கிறவர்களில் குடிக்கிறவர்களை நினைத்தேன். இத்தனை வருசம் கூட வாழ்ந்த நானே சந்தேகப்பட்டேன். அவர் அதைக் கவனித்தார்.

ஏப்ரல் 20
கதை ஊரெல்லாம் போய்விட்டது. ஈரல் என்றாலே குடிதானே இவர்களுக்கு. அவருடைய மூத்த சகோதரர் ஹுனைஸ் நானா அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறார், வந்து பார்க்கவில்லை. "குடிச்சு அழிஞ்சவன நான் என்னண்டு போய்ப் பார்க்கிற?" என்றாராம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, காய்ச்சலோடு கிடந்த தம்பியைத் தோளில் சுமந்து வந்த மனிதர்.

மே 2
இன்று வேறு டொக்டர், தமிழ்ப் பெண். சாப்பாட்டை ஒவ்வொன்றாக விசாரித்தவர் கச்சானில் நின்றுவிட்டார். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவி, கருக வறுத்துத்தான் கொடுத்தேன் என்றேன்.

"வறுத்தா பூஞ்சணம் சாகும் அம்மா. அது விட்ட நஞ்சு அவ்வளவு லேசில போகாது."

அந்த நஞ்சு ஈரல் கலங்களுக்குள் போய், அவை கட்டுமீறிப் பெருகாமல் பிடித்து வைக்கிற ஒரு ஜீனைக் கெடுத்துவிடுமாம். இரத்தத்தில் பழைய ஹெபடைடிஸ் பி வைரஸும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம், எது எவ்வளவு செய்தது என்று சொல்ல முடியாது என்றார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரா?

கைக்குது, கைக்குது எண்டு சிரிச்சுச் சிரிச்சுத்தானே திண்டார். நான் என்ன செஞ்சன்? இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டன். யா அல்லாஹ் —

மே 3
வறுக்கிற தாச்சியைத் தொட முடியவில்லை.

மே 16
பரிசோதனைக்கு எடுத்த ஈரல் துண்டை வெளிநாட்டுக்கு அனுப்பி அந்த ஜீனைப் பார்க்கலாமாம். பூஞ்சண நஞ்சு அதில் அநேகமாக ஒரே இடத்தில்தான் அடையாளம் வைக்குமாம். அது தெரியவந்தால் ஊர் வாய் மூடும், அவர் குடிகாரர் இல்லை என்றாகும். அப்போது நான் யார்?

மர்ஸூக் கேட்டார், "அது தெரிஞ்சா மருந்து மாறுமா?"

"மாறாது" என்றார் டொக்டர்.

"அப்ப வேணாம்."

பஸ்ஸில் வழியெல்லாம் என் கையை விடவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதத்தான் வேண்டும் — நிம்மதியாக இருந்தது.

ஜூன் 26
பெருநாள். புதுச் சாரம் உடுத்துக் கதிரையை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். லுஹர் தொழுகை நேரம் வரை இருந்தார். நானா வரவில்லை. "அவருக்கு வேலை இருக்கும்" என்றார்.

ஜூன் 27
நானா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஃபாஹிமாவும் இருந்தார்.

"அவர் குடிக்கல்ல நானா. நான்தான் பூஞ்சணம் புடிச்ச கச்சானக் குடுத்தன். டொக்டர் சொன்னவ."

"கடைக்கு விக்கிறதயா?"

"இல்ல. விக்கேலாதத."

 நானா, "விக்கேலாதத என்ட தம்பிக்குக் குடுத்தியா" என்றார்.

ஜூன் 29
நானா வந்தார். தம்பியின் வீங்கிய காலைத் தன் மடியில் வைத்து, கஞ்சி ஊட்டினார். மர்ஸூக் அழுதுகொண்டே குடித்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். நானா என்னையும் பார்க்கவில்லை, கோப்பையையும் தொடவில்லை. மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் எழும்பிப் போனார்.

கொட்டுவதற்காகக் கோப்பையை எடுத்தேன். மர்ஸூக் கையை நீட்டினார். ஆறிப்போய்விட்டது, வேண்டாம் என்றேன்.

"தா புள்ள" என்றார்.